யாரும் எடுக்காத மூட்டை

பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, அமாவாசை, நாய் ஊளை என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேனில் ஐந்து பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு வந்தபோது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நானே அன்றைக்கு முன்தினம் வரை இதைக் கேட்டிருந்தால் சொன்னவனை ஒரு வழி பண்ணியிருப்பேன். ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சாறு பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்தவன் நான். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், நான் இன்னொரு பழம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படிப்பட்ட ஆள்.

1991 என்று சொன்னால் எங்கள் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் சொல்வது அதைப் பற்றி இல்லை. அதெல்லாம் நடந்து ஆறு மாதம் கழித்து, கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட சமயம். அப்போது இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆறு வழிச் சாலையும் கார் கம்பெனியும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பினால் வல்லம், ஒரகடம், படப்பை வரைக்கும் ஏரியும் வயலும்தான், நடுவில் குண்டும் குழியுமாக ஒரு ஒற்றை ரோடு. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே நான் வேன் டிரைவர். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் முதல் ஷிப்ட்டுக்கு விடுவேன், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து அவரவர் ஊரில் இறக்குவேன். கடைசி ஊர் மணிமங்கலம், அது என் ஊர், வேன் என் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

என் மனைவி கஸ்தூரியும் அதே கம்பெனியில்தான் காயில் சுற்றினாள். என் தாய்மாமன் மகள், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதற்கு முந்தைய வருஷம் முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதனால் இந்த முறை எங்களுக்கு மூச்சு விடவே பயம். வளைகாப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது, அதற்கு ஒரு வாரம்தான் பாக்கி. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் வரை அதற்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள், வீட்டில் தூளியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். வெறும் தூளியை ஆட்டினால் ஆகாது என்பார்கள். எதையும் நம்பாத நான் அதை மட்டும் கேலி செய்யவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் கேலி செய்ய மாட்டான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. வேனில் இருந்த டேப் ரிக்கார்டரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஒன்றரை மணி நேர ரோடு, பாட்டும் இல்லை என்றால் எனக்குத் தூக்கம் சொக்கும், விடிவதற்கு முன்னாலேயே எழுந்தவன் இல்லையா. அதற்காகக் கஸ்தூரி தினம் ஒரு சொல் விளையாட்டுக் கண்டுபிடிப்பாள். பல வந்து போயின, ஒன்று மட்டும் நிலைத்தது. அதற்கு மூட்டை ஆட்டம் என்று பெயர். ஒருவர் "நான் வூட்டுக்குப் போறேன், பூசணிக்கா எடுத்துக்கினு போறேன்" என்று ஆரம்பிப்பார். அடுத்தவர் பூசணிக்காயையும் சொல்லித் தன் பொருள் ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதற்கு அடுத்தவர் முன்னால் சொன்ன இரண்டையும் சொல்லி மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் விட்டவர் மறுநாள் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

அதோடு முடியாது. யாருடைய ஊர் வருகிறதோ அவர் இறங்கும்போது வேனில் இருக்கிற எல்லோரும் ராகம் போட்டு "மூட்டைய எடுத்துக்கினியா?" என்று கேட்போம். அவர் தன் பொருளின் பெயரைச் சொல்லி "எடுத்துக்கினேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தப் பொருள் ஆட்டத்தில் கிடையாது. வேன் கடைசியாக நிற்கும்போது ஒரு மூட்டையும் மிச்சம் இருக்கக் கூடாது. ஒருத்தர் மூட்டையை இன்னொருத்தர் எடுக்கவும் கூடாது, அது எங்களோடு வேனில் வருகிற லோகு அக்கா போட்ட சட்டம். ஒரு தடவை எங்களோடு வருகிற பையன் தேவராஜ் தன் ஆட்டுக்கல்லை எடுக்காமல் இறங்கி ஓடிவிட்டான். அந்த அக்கா என்னை வண்டியை எடுக்கவே விடவில்லை. அவன் வயல் வரப்பில் திரும்பி ஓடிவந்து "எடுத்துக்கினேன்" என்று சொன்ன பிறகுதான் விட்டாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது எங்களுக்கு வாயில் ஊறிப்போன பழக்கமாகிவிட்டது, இறங்கும்போது கேட்டால் பதில் தன்னால் வரும்.

அன்றைக்கு வேனில் இருந்தது ஐந்து பேர். ஸ்டியரிங்கில் நான், எனக்கு இடதுபக்கம் முன் சீட்டில் கஸ்தூரி. எங்களுக்குப் பின்னால் படப்பை ஏகாம்பரம் அண்ணன், வயதில் மூத்தவர், ஃபிட்டர், ஊருக்கே கேட்கிற குரல். அவருக்குப் பின்னால் ஒரகடம் லோகு அக்கா. கடைசி சீட்டில் வல்லத்துப் பையன் தேவராஜ். அந்தக் கடைசி சீட்டுக்கு ஒரு கதை உண்டு. அதன் போல்ட் தேய்ந்து போயிருந்தது. ஆள் உட்காராவிட்டால் கடகடவென்று ரோடு முழுக்கத் தகரக் கடை மாதிரி சத்தம் போடும். ஆள் உட்கார்ந்தால் கப்பென்று நின்றுவிடும். அதனால்தான் தேவராஜை அங்கே உட்கார வைத்தோம், சத்தத்துக்கு வெயிட் என்று அவனைக் கேலி செய்வோம்.

மழை காலையிலிருந்தே விடவில்லை. வல்லத்துக்கு முன்னால் ஒரு தரைப்பாலம் உண்டு, ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிகிற உபரித் தண்ணீர் அதன் மேலேதான் போகும். நாங்கள் வந்தபோது பாலமே தெரியவில்லை, சேறு கலந்த தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. வானம் கறுத்து மத்தியானம் சாயங்காலம் மாதிரி கிடந்தது. தேவராஜ் "நான் முன்னாடி நடக்கிறேண்ணா, நீ என் பின்னாலயே வா" என்று பின் கதவைத் திறந்து குதித்தான். ஜாக்கிக் கம்பியால் ஆழம் பார்த்துக்கொண்டு அவன் முன்னால் போக, நான் முதல் கியரில் ஊர்ந்தேன். அவன் குதித்த வேகத்தில் பின் கதவைச் சாத்தவில்லை. பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அது திறந்தே கிடந்து காற்றில் அடித்துக்கொண்டது. கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எனக்கு இருந்த பயமெல்லாம் தண்ணீர் மேல்தான். கரையேறியதும் தேவராஜ் சொட்டச் சொட்ட ஏறிக் கதவைச் சாத்தினான்.

 தண்ணீரைக் கடந்த பயத்தைப் போக்கத்தான் ஏகாம்பரம் அண்ணன் ஆட்டத்தை ஆரம்பித்தார்.

"நான் வூட்டுக்குப் போறேன், ஏணி எடுத்துக்கினு போறேன்!"

"வூட்டுக்குப் போறேன், ஏணி, அண்டா எடுத்துக்கினு போறேன்" என்றாள் லோகு அக்கா.

தேவராஜ் பல் கிடுகிடுக்க ஏணி, அண்டா சொல்லி, சண்டைச் சேவலைச் சேர்த்தான். அடுத்தது கஸ்தூரி. மாதம் ஏற ஏற அவளுக்குத் தூக்கமே சரியாக வருவதில்லை, புரண்டு புரண்டு படுப்பாள்.

"வூட்டுக்குப் போறேன். ஏணி, அண்டா, சண்டைச் சேவலு, நனைஞ்ச தூளி, அப்புறம் ஒரு மூட்டை தூக்கம் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிக் கொட்டாவி விட்டாள்.

நான் எப்போதும் கடைசி. மூளையைக் கசக்க சோம்பேறித்தனம், தினமும் ஸ்டெப்னி டயர் என்றுதான் சொல்வேன். "ஏணி, அண்டா, சண்டைச் சேவலு, நனைஞ்ச தூளி, ஒரு மூட்டை தூக்கம், ஸ்டெப்னி" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் வேனில் யாரும் சிரிக்கவில்லை என்பது உறைத்தது. 

லோகு அக்காதான் முதலில் பொங்கினாள்.

"எவன்டா அது? புள்ளத்தாச்சி உக்காந்துக்கினு கீறா, அவ காதுல வுழுற மாதிரி தூளின்றது, அதுவும் நனைஞ்ச தூளின்றது! வாயில வேற நல்ல வார்த்த வர்ல?"

"டேய் தேவராஜு, நீதானேடா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லலணா. நான் சேவல்னு சொல்லி முடிச்சேன். உடனே என் காது கிட்டக்க ஒரு பொம்பளக் குரல் சொல்லிச்சு. லோகு அக்கா வெளையாடுதுன்னு நெனச்சேன்."

"நான் உனக்கு முன்னாடி சீட்டுல கீறேன்டா. உன் காதுகிட்ட நான் எப்டி வருவேன்?"

கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "காதுல கேட்டுச்சு மாமா, அதான் சொன்னேன். நானா சேத்துக்கல. நீயும்தானே சொன்ன?"

நானும்தான் சொன்னேன். அதுதான் எனக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன், கஸ்தூரி சொல்வதற்கு முன்னாலேயே. வேனின் பின்பக்கத்திலிருந்து, சேவலுக்குப் பிறகு, மெல்லிசாக, சளி பிடித்தவள் பேசுவது போல ஒரு பெண் குரல். அப்போது வித்தியாசமாகவே படவில்லை. ஆறாவது ஆள் ஒருத்தி தன் முறைக்குத் தன் பொருளைச் சொன்னாள், அவ்வளவுதான் என்பது போல என் மனது எடுத்துக்கொண்டது. இதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தேவராஜ் எழுந்து ஓடிவந்து ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். நான் கோபத்தில் கத்தினேன். "போதும் வுடுங்கடா, மழையில எங்கயோ எதுவோ கேட்டுது. ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியாது. கஸ்தூரியைப் பயமுறுத்துகிறார்களே என்றுதான் எரிச்சல்.

வல்லம் வந்தது. யாரும் ராகம் போட்டுக் கேட்கவில்லை. தேவராஜே "சேவல எடுத்துக்கினேன், சேவல எடுத்துக்கினேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பின் கதவுப் பக்கமே போகாமல் நடுக் கதவில் இறங்கி மழையில் ஓடினான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் லோகு அக்கா இறங்கினாள். "அண்டாவ எடுத்துக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், கஸ்தூரி பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றாள். சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள், மழை முகத்தில் வழிந்தது.

"கஸ்தூரி, எறங்கி என் வூட்டுக்கு வந்துடுடி. காலைல போலாம்."

"இன்னாக்கா நீ வேற, அவளே பயந்து கீறா" என்றேன் நான்.

"நீ சும்மா இரு சேகரு. இந்தா பாரும்மா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. நடுவுல ஒண்ணு வந்துச்சே, அது உன்னுது இல்ல. யாரு கேட்டாலும் எடுத்துக்கினேன்னு வாயால சொல்லிடாத."

எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. வேகமாக வண்டியை எடுத்துவிட்டேன். 

படப்பையில் ஏகாம்பரம் அண்ணன் இறங்கினார். அவ்வளவு வாயாடி மனுஷர், "ஏணிய எடுத்துக்கினேன்" என்று முணுமுணுத்துவிட்டு, கடைசி சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "சீட்டுல எடது பக்கம் ஒரே தண்ணி கீதுடா சேகரு" என்றார். தேவராஜ் நனைந்து உட்கார்ந்த ஈரம் என்றேன். "அவன் வலது பக்கம்ல உக்காந்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், கியர் போடக்கூட விடவில்லை.

படப்பையிலிருந்து மணிமங்கலம் ரோடு இன்னும் மோசம். ஒரு பெரிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. அந்த அதிர்ச்சியில் வண்டியே குலுங்கியது, டூல் பாக்ஸ் உருண்டது, கண்ணாடி ஆடியது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. கடைசி சீட்டுச் சத்தம் போடவில்லை.

தேவராஜ் முன்னால் ஓடிவந்து உட்கார்ந்த நேரத்திலிருந்தே அது சத்தம் போடவில்லை. அத்தனை பள்ளத்தில் ஒரு தடவைகூட. நான் வேண்டுமென்றே இன்னொரு பள்ளத்தில் வண்டியை விட்டேன். சீட்டு ஆடாமல் அசையாமல் இருந்தது.  ஒரு டிரைவருக்குத் தன் வண்டியின் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது முதுகிலேயே தெரியும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது. கஸ்தூரியிடம் சொல்லவில்லை. ஆனால் அவளும் அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டவள்தானே. "மாமா, சீட்டு" என்றாள்.   பின்பக்கம் தெரியாதபடி கண்ணாடியை மேலே மடக்கிவிட்டு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன், என்ஜினை அணைக்கவில்லை. மழை சற்று விட்டிருந்தது. உள்ளே, மகளுக்குத் துணையாக வந்திருந்த என் மாமியார் விளக்கு ஏற்றியிருந்தாள். கஸ்தூரி கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"மூட்டைய எடுத்துக்கினியா?"

பின்னாலிருந்து வந்தது. நாங்கள் தினமும் கேட்கிற அதே ராகம். ஆனால் ஒற்றைக் குரல். களைத்துப் போன, பல நாள் கண் மூடாதவள் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

கஸ்தூரியின் வாய் திறந்தது. பயத்திலும் பழக்கம் விடாது பாருங்கள், ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி ஊறிய பதில். "எடுத்து" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் சீட்டின் மேலேயே பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். பொத்திய கையை எடுக்காமலே அவளை இறக்கி, இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டேன். மாமியார் என்னவென்று கேட்டாள், நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

கஸ்தூரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போகாத மாமா. வண்டி அங்கயே நிக்கட்டும்." எப்படி நிற்கட்டும் என்று விடுவேன்? வாசலுக்கும் அவள் படுக்கிற இடத்துக்கும் பத்தடிகூட இல்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கையில் வாங்கிக் கொண்டுபோய்ப் புதைத்தவன் நான். அது பேயோ, எங்கள் எல்லோருக்கும் பிடித்த பைத்தியமோ, எதுவாக இருந்தாலும் ராத்திரி முழுக்க என் வாசலில் உட்கார்ந்திருக்க விட மாட்டேன். கதவு திறந்து கிடந்த அந்தத் தரைப்பாலத்தில்தான் அது ஏறியிருக்க வேண்டும், ஏற்றிய இடத்தில்தான் இறக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

தனியாக ஓட்டிக்கொண்டு போன அந்தத் தூரத்தைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. படப்பை, ஒரகடம், வல்லம் என்று வந்த வழியே திரும்பினேன். கெட்ட வார்த்தையாகச் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே ஓட்டினேன், பிறகு அழுதேன், பிறகு முருகா முருகா என்றேன். எலுமிச்சம்பழச் சாறு குடித்த அதே நான்தான் முருகா என்றேன். ரோடு முழுக்கக் கடைசி சீட்டு மூச்சுக் காட்டவில்லை.

தரைப்பாலத்தில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை ஓடவிட்டு, இறங்கிப் பின்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் சட்டம் எனக்கு நினைவு வந்தது. யார் மூட்டையை யார் எடுப்பது என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அது அதற்கும் உண்டுதானே? ராகமெல்லாம் வரவில்லை.

"உன் எடம் வந்துடுச்சி. எறங்கு. மூட்டைய எடுத்துக்கினியா?"

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.  அப்புறம் என் முதுகுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில், பதில் வந்தது.

"எடுத்துக்கினேன்."

அதே பெண் குரல்தான். ஆனால் இந்த முறை அதில் அந்தக் களைப்பு இல்லை. பாதித் தூக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வது போல, சுகமாகச் சொன்னது. உடனே வேனுக்குள் கடகடவென்று கடைசி சீட்டு ஆட ஆரம்பித்தது. நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அந்தத் தகரச் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. ஒரகடம் வரைக்கும் வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டு விட்டு அதைக் கேட்டேன்.

வீட்டு வாசலில் நின்றதும் எனக்கே சிரிப்பு வந்தது. ஆட்டத்தை ஒழுங்காக முடிப்போம் என்று "ஸ்டெப்னிய எடுத்துக்கினேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். ஏணி இறங்கிவிட்டது, அண்டா இறங்கிவிட்டது, சேவலும் இறங்கிவிட்டது. கஸ்தூரி மட்டும் சொல்லவே இல்லை. நான்தான் வாயைப் பொத்திவிட்டேனே. அவளுடைய மூட்டை வேனிலேயே இருந்தது. பாலத்துக்கு நான் போனபோது வண்டியில் இருந்தது ஒரு மூட்டை மட்டும் இல்லை, என் ஸ்டெப்னி போக, தூளி ஒன்று, தூக்கம் ஒன்று. எந்த மூட்டை என்று நான் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டவளும் பொருளின் பெயரைச் சொல்லவில்லை.

உள்ளே ஓடினேன். கஸ்தூரி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் இரண்டும் திறந்திருந்தன. "தூங்கலையா?" என்றேன். "வர்ல மாமா" என்றாள். அவளைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டிவந்து, "ஒரு மூட்டை தூக்கம் எடுத்துக்கினேன்னு சொல்லு" என்று கெஞ்சினேன். சொன்னாள். பாவம், மூன்று நான்கு தடவை சொன்னாள். அணைக்காத என்ஜினின் அதிர்வில் கடைசி சீட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.

தை மாதக் கடைசியில் பெண் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை, அழுத அழுகையில் ஆஸ்பத்திரியே எழுந்துகொண்டது. நான் பயந்தது அவளுக்காகத்தான், அவள் நன்றாக இருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் என் கதையை யாரிடம் சொன்னாலும் அப்புறம் என்ன, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்பார்கள். நானும் தலையாட்டுவேன்.

கஸ்தூரி அந்தக் கார்த்திகையிலிருந்து இன்றுவரை ஒரு ராத்திரிகூட உருப்படியாகத் தூங்கியதில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, தின்னாத மாத்திரை இல்லை. நரம்பு என்றார்கள், பிரசவத்தில் சில பேருக்கு இப்படி வரும் என்றார்கள், வயதானால் சரியாகும் என்றார்கள். கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருப்பாள். கேட்டால் களைப்பாக இல்லை என்பாள். ஆனால் பேசும்போது அவள் குரலைக் கேட்டால் நான் வாசலுக்கு எழுந்து போய்விடுவேன். பல நாள் கண் மூடாதவளின் குரல். அந்தக் குரலை நான் முதன்முதலில் கேட்டது அவளிடமிருந்து இல்லை.

அதையாவது டாக்டர் சொன்னபடி நரம்பு என்று விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. எங்கள் மகளுக்கு நாங்கள் தூளியே கட்டவில்லை. கஸ்தூரி ஒத்துக்கொள்ளவில்லை, பாயில்தான் போட்டு வளர்த்தோம். ஆனால் மழை பெய்கிற நாட்களில், படுத்த இடத்திலிருந்தே கஸ்தூரியின் வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டு, போய்ப் போய் வரும். கண்ணுக்குத் தெரியாத தூளியை ஆட்டுகிற மாதிரி. அவளுக்கு அது தெரியாது, சொன்னால் நம்ப மாட்டாள். ஆரம்பத்தில் நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். போன மழைக்கு ஒரு நாள் தாங்க முடியாமல் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன்.

நாற்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன். காலியாக ஆடுவதற்கும் லோடோடு ஆடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கை நிற்கவில்லை, என் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அதில் எடை இருந்தது.